முட்டை போடாத பிஸ்கற்

சுபாங்கி சமைத்ததை யாராவது இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவள் சுட்ட வடை கல்லாகும், அவித்த புட்டு களியாகும். கணவன் சுலக்சன் நல்ல மனுசன். போட்டதைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பான். அவனுடைய சொந்தக்காரப் பெண்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. ஏதாவது விசேஷம் என்றால் ஆளுக்கொரு பலகாரத்தைப் பங்குபோட்டுவிட்டு, "சுபாங்கி, நீர் சோடா வாங்கிக்கொண்டு வாரும், அது காணும்" என்பார்கள். அவளும் ரெக்ஸ்டேலில் தன் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் காரில் ஒஷாவா வரைக்கும் மடியில் சோடாவை வைத்துக்கொண்டு போவாள். வெட்கமாக இருக்கும்.

அப்படியிருந்த சுபாங்கிக்குத்தான் இத்தாலியன் பிஸ்கற் கை கொடுத்தது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில் அவளுக்கு வேலை. பக்கத்து மேசையில் நிற்கும் ரொசன்னா ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தகரப் பேணி நிறையப் பிஸ்கற் கொண்டுவந்தாள். குட்டிக் குட்டி உருண்டைகள், மேலே வெள்ளைச் சீனிப்பாகு, அதற்கு மேலே கலர் கலராய்ப் பொட்டு மிட்டாய். கடித்தால் பெருஞ்சீரகம் மணப்பது போல இருந்தது, ஆனால் பெருஞ்சீரகம் இல்லை. அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். அனிஸ் என்றாள் ரொசன்னா. செய்முறையை ஒரு லேபலின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். ஆறு முட்டை என்றதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். ஒன்றைக் குறைத்தாலும் அது வேறு சாமான் ஆகிவிடுமாம்.

சுபாங்கி அதில் கை வைத்த முதல் நாளே சரியாய் வந்தது. அதிசயம்தான். முட்டை ஆறையும் சீனியோடு நுரைக்க அடித்து, உருக்கிய பட்டரையும் அனிஸ் எசன்ஸையும் விட்டு, பேக்கிங் பவுடர் கலந்த கோதுமை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்க்க வேண்டும். மா கையில் பிசுபிசு என்று ஒட்டும். புட்டுக்கு மாக் குழைத்துத் தோற்றுப்போன கைக்கு இந்த ஒட்டல் புரிந்துவிட்டது. உள்ளங்கையில் எண்ணெய் பூசிக்கொண்டு உருட்டி ஓவனில் வைத்தால் பத்து நிமிஷம். அடி பொன்னிறமாக வேண்டும், தலை வெளுப்பாகவே இருக்க வேண்டும். ஆறவிட்டுப் பாகில் தோய்த்த கையோடு மிட்டாயைத் தூவிவிட வேண்டும். இடையில் தொலைபேசியை எடுத்தால் பாகு காய்ந்து மிட்டாய் ஒட்டாது.

சுலக்சனின் தங்கை நிலாணிக்கு நாலு மாதம் என்று சொந்தத்துக்குச் சொல்லும் விருந்து ஒக்டோபரில் வந்தது. ஏழு வருஷம் காத்திருந்து, மூன்று தரம் ஊசி மருந்தென்று உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பிள்ளை. "எனக்குச் சோடா வேண்டாம், நான் பலகாரம் கொண்டு வாறன்" என்று சுபாங்கியே முந்திக்கொண்டு சொன்னாள். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அன்ரி, நீரோ, நீரோ என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஒஷாவாவில் நிலாணியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தட்டை வைத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, பாதி காலி. "ஆர் செய்தது? சுபாங்கியே? விசர்க்கதை!" என்றாள் ஒரு அன்ரி. "கடையிலை வாங்கி அடுக்கியிருப்பாள்" என்றாள் இன்னொருத்தி. பிறகு அவளே நாலைந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். சுபாங்கிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து நிலாணி சாமியறையிலிருந்து வந்தாள். நெற்றியில் திருநீறு. ஒரு பிஸ்கற்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, உதிலை முட்டை போட்டனீங்களே?"

பிள்ளை கையில் கிடைக்கும்வரை மச்சம் தொடுவதில்லை என்று நிலாணி முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. இது தெரியாத ஆள் அந்தச் சொந்தத்தில் கிடையாது. சுபாங்கிக்கும் தெரியும். ஆனால் அவள் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது, பல வீடுகளிலும் இருக்கிற வழக்கம்தான். வெள்ளிக்கிழமை சட்டியில் மச்சம் ஏறாது. பிறந்தநாள் வெள்ளியில் வந்தால் கேக் மட்டும் வெட்டுப்படும். கேக்குக்குள் போன முட்டையை யாரும் முட்டை என்று நினைப்பதில்லை. அந்த நினைப்பில்தான் ஆறையும் உடைத்து ஊற்றியிருந்தாள்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. நிலாணி பிஸ்கற்றைத் திருப்பி வைத்திருப்பாள். ஆனால் அன்ரிமார் அத்தனை பேரும் சுபாங்கியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேர்த்திக்காரியின் விருந்துக்கு முட்டைப் பலகாரம் கொண்டுவந்தவள் என்ற பெயர் இன்னும் இருபது வருஷத்துக்கு ஒஷாவாவிலிருந்து மிசிசாகா வரை ஓடும்.

"இல்லை நிலாணி. உது முட்டை இல்லாத முறை. யோகட் போட்டனான்."

யோகட் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. பொய் சொல்ல வாய் திறந்தால் துணைக்கு இன்னொன்றும் தானாக வந்துவிடுகிறது. நிலாணி ஒன்றைச் சாப்பிட்டாள், பிறகு இன்னும் இரண்டு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று சுபாங்கி யோசித்தாள். விழுங்கின பிறகு சொல்லி என்ன? வெறுந்தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அதோடு போயிருந்தால் வாய்தவறிச் சொன்னது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். பத்து நாள் கழித்து நிலாணி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணி, எனக்கு எதைச் சாப்பிட்டாலும் சத்தி வருது. உங்கட பிஸ்கற் மட்டும்தான் வயித்திலை நிக்குது. இன்னும் கொஞ்சம் செய்து தாறீங்களே?"

"அதுக்கென்ன, செய்து தாறன்" என்றாள் சுபாங்கி. தொலைபேசியை வைத்ததும் குசினிக்குப் போய் உண்மையாகவே யோகட்டை எடுத்தாள். இனி ஒரு குற்றமும் வேண்டாம், சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுவோம் என்று ஒரு கை பார்த்தாள். முதல் தட்டு ஓவனுக்குள் பரந்து தட்டையாய்ப் போயிற்று. மாவைக் கூட்டினாள், இரண்டாவது தட்டு உதிர்ந்தது. மூன்றாவது பார்வைக்கு உருண்டையாக வந்தது, வாயில் போட்டால் களி. சுலக்சன் ஒன்றைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு வழக்கம்போலக் கோப்பையைக் கழுவி வைத்தான். இதைக் கொண்டுபோனால் நிலாணி ஒரு கடியில் கண்டுபிடித்துவிடுவாள், அப்ப முந்தினது என்ன என்று கேட்பாள்.

சுபாங்கி முட்டைப் பெட்டியைத் திறந்தாள். வாய்தவறியது என்று இந்த முறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் கோப்பை விளிம்பில் தட்டி, பிரித்து, ஊற்றினாள். பிள்ளைத்தாச்சிக்கு முட்டை நல்லதுதானே, டொக்டரே சத்துக் காணாது என்று சொன்னவராம் என்று தனக்குத்தானே நியாயம் பேசினாள். தெரியாமல் சாப்பிட்டால் நேர்த்தி முறியாது, பாவமென்றால் எனக்குத்தான் என்றும் நினைத்தாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. அன்றைக்குப் பிஸ்கற் முன்னெப்போதையும்விட நன்றாக வந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வரும்.

இருபதாவது கிழமையில் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு நாளாகியும் நிலாணி கட்டிலை விட்டு எழும்பவில்லை. அவளுடைய புருசன் ராஜீவ் கஞ்சி வைத்துக்கொண்டு கெஞ்சிக் களைத்துப்போனான். சுபாங்கி ரெக்ஸ்டேலில் இருந்துகொண்டு ஒரு வாய் சோறு இறங்காமல் தவித்தாள். முட்டை ஒரு பிள்ளையைக் கொல்லாது என்று அவளுடைய படித்த புத்தி சொன்னது. அந்தப் புத்தி பகலில் மட்டும் வேலை செய்தது. சுலக்சனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீர் இதை அவளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றான். "பிள்ளை போனது உதாலை இல்லை. சொல்லி என்ன வரப்போகுது? உம்மட பாரம் குறையும், அவளுக்குக் கூடும்."

சரியான பேச்சுத்தான். சுபாங்கியும் தலையாட்டினாள். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் சனிக்கிழமை மத்தியானம் ஒஷாவாவுக்குப் போனாள்.

மேல்மாடி அறையில் நிலாணி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தலை சீவாமல் சடை பிடித்திருந்தது. சுபாங்கி கட்டில் விளிம்பில் இருந்து அவள் காலைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் நிலாணி பேசத் தொடங்கினாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது.

"அண்ணி, நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்திட்டன். கிரகணம் ஏதும் வந்ததோ எண்டு கலண்டரிலை பாத்தனான், இல்லை. வேலையிடத்திலை ஒருத்தி சிக்கின் சூடாக்கின மைக்ரோவேவிலை நானும் என்ர சாப்பாட்டைச் சூடாக்கினனான். ரெண்டு தரம். துடைச்சுப்போட்டுத்தான் வைச்சனான். அதாய் இருக்குமோ அண்ணி?"

"அது எப்பிடியடி..."

"ஒருநாள் களைப்பிலை விளக்குக் கொளுத்தாமல் படுத்திட்டன். அதாய் இருக்குமோ? டொக்டர் சொல்லுறார் ஒருத்தற்ர பிழையும் இல்லையாம். ஒரு பிழையும் இல்லாமல் என்னெண்டு அண்ணி ஒரு பிள்ளை போகும்? நான்தான் எங்கையோ பிழை விட்டிருக்கிறன். எங்கை எண்டுதான் தெரியேல்லை. அது தெரிஞ்சால் காணும் எனக்கு."

அந்த மைக்ரோவேவ் கதை சுபாங்கியை உலுப்பிவிட்டது. துடைத்துவிட்டு வைத்தாளாம். அவ்வளவு கவனமாய் இருந்தவளுக்கு, பாகு தோய்த்து, மிட்டாய் தூவி, பெட்டியில் அடுக்கி, அறுபது எழுபது கிலோமீற்றர் கார் ஓடிக் கொண்டுவந்து கொடுத்தது யார்? சுலக்சன் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் வாய் திறந்துகொண்டது.

"நிலாணி, பிஸ்கற்றிலை முட்டை போட்டனான்."

நிலாணி திரும்பவில்லை.

"முதல் தரம் மறந்துபோய்ப் போட்டது. எல்லாருக்கும் முன்னாலை கேட்டனி, வெக்கத்திலை பொய் சொல்லிப்போட்டன். யோகட் எல்லாம் இல்லை. ரெண்டாம் தரம் தெரிஞ்சுகொண்டுதான் போட்டனான். முட்டை இல்லாமல் செய்து பாத்தனான், சரிவரேல்லை. பிடிபட்டிடுவன் எண்டு போட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளடி."

நிலாணி மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருக்கும் என்று சுபாங்கி பயந்தாள். கோபம் இல்லை. ஏதோ கணக்கை மனசுக்குள் கூட்டுகிறவள் மாதிரி இருந்தாள்.

"எத்தினை முட்டை?"

"ஆறு."

"ரெண்டு தரமும்?"

"ஓம்."

நிலாணி கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தாள். ஆறு நாளில் முதல் தடவையாக முதுகு நிமிர்ந்தது. முகத்தில் விழுந்திருந்த மயிரை இரண்டு கையாலும் ஒதுக்கினாள்.

"அப்ப நான் இல்லை" என்றாள்.

சுபாங்கிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கினபோது நிலாணியின் காலில் இருந்த தன் கையை எடுத்துக்கொண்டாள். தான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. போங்கோ அண்ணி, முட்டையாலை பிள்ளை சாகுமே என்று நிலாணியே சொல்லிவிடுவாள், அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம் என்ற ஆசை மனசின் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. அந்த ஆசைக்காகத்தான் வாய் திறந்தது.

"நிலாணி, அது முட்டையாலை..." என்று தொடங்கினாள்.

நிலாணி அவள் வாயையே பார்த்தாள். பயந்துபோய்ப் பார்த்தாள். இந்த வசனத்தை முடித்தால் மைக்ரோவேவும் கொளுத்தாத விளக்கும் திரும்பி வந்து அந்தக் கட்டிலில் ஏறிக்கொள்ளும் என்று சுபாங்கிக்குத் தெரிந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்தவளை நிமிர்த்தி உட்காரவைத்தது இந்த ஒரு பழிதான். இதைத் திருப்பி வாங்க மனம் வரவில்லை.

"ஓம்" என்றாள் சுபாங்கி. "நீ இல்லை. நான்தான்."

நிலாணி தலையை ஆட்டினாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"நீங்கள் இனி இஞ்சை வரவேண்டாம் அண்ணி" என்று அமைதியாகச் சொன்னாள்.

சுபாங்கி படியிறங்கி வந்து வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டினாள். குசினியில் நின்ற ராஜீவ் ஆவலோடு எட்டிப் பார்த்தான். அதற்குள் மேலேயிருந்து நிலாணியின் குரல் கேட்டது.

"ராஜீவ், எனக்குப் பசிக்குது. சோறு இருக்கோ?"

ராஜீவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து சுபாங்கியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "என்னக்கா சொன்னீங்கள் அவளுக்கு? நாங்கள் எல்லாரும் சொல்லிக் களைச்சுப்போனம். நீங்கள் வந்து ஒரு அரைமணித்தியாலத்திலை..."

"ஒண்டும் இல்லை. சோத்தைப் போட்டுக் குடும், ஆறப்போகுது" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

வெளியே கார் கண்ணாடியில் பனி விழுந்து உறைந்திருந்தது. சுரண்டிக்கொண்டு நிற்கையில் மேல்மாடியில் சோற்றுக் கோப்பைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை போனது முட்டையால் இல்லை என்று இனி அவள் யாருக்கும் சொல்ல முடியாது, தனக்கும்கூட.