ஒரு லட்சத்து மூன்று பேர்

அந்த ஊரின் மக்கள்தொகை பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு லட்சத்து மூன்று. ஒரு குழந்தை பிறந்தால் அதே நிமிடத்தில் யாராவது ஒருவர் செத்தார், அல்லது மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார். இதை முதலில் கவனித்தது பிறப்பு இறப்பு அலுவலகத்தில் பதிவேடு எழுதிய அம்மாள்தான். மேலதிகாரியிடம் சொன்னபோது, "கூட்டத் தெரியலன்னா லீவு போட்டுட்டுப் போம்மா" என்றார். அடுத்த வாரமே, எங்கோ ஒரு தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமான நேரத்தில், அவர் டீ டம்ளரோடு நாற்காலியில் சாய்ந்துபோனார்.

அரசாங்கம் ஊரைச் சரிபாதியாக்கி இரண்டு நகராட்சியாக்கப் பார்த்தது. ஒரு ஆள் மிஞ்சியது. மூன்றாகப் பிரித்தாலும் ஒரு ஆள், ஏழாகப் பிரித்தாலும் ஒரு ஆள். கணக்கு வாத்தியார் முந்நூற்றுப் பதினாறு வரை வகுத்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை, இது பகா எண், எதற்கும் வகுபடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரசாங்கம் யோசனையைக் கைவிட்டது. எண் ஊரை விடவில்லை.

ஊரும் பழகிக்கொண்டது. கர்ப்பிணி பஸ்ஸில் ஏறினால் வயசானவர்கள் இறங்கிக்கொண்டார்கள். குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் விசாரிப்பதில்லை, "யாரு போனது?" என்றுதான் கேட்டார்கள்.

அம்மாள் ஓய்வுபெற்ற வருஷம் அவளுடைய ஒரே மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"எங்க மாமனாருக்கு நெஞ்சுவலி இருக்கும்மா. ரொம்பப் பயப்படுறார்."

"அதுக்கு?"

"நீ தனி ஆள்தானே. வெளியூர்ல ஒரு வீடு பாத்துக்கிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

தன் பெயருக்கு எதிரே 'இடம்பெயர்வு' என்று எழுதும் வேலையை அம்மாள் யாரிடமும் விடவில்லை. அலுவலகத்துக்குப் போய், பழைய மேசையில் உட்கார்ந்து, தானே எழுதினாள். பிரசவத்தன்று எல்லைக்கல் பக்கத்தில் பெட்டியோடு நின்றாள். மருமகன் போன் செய்தான். "அத்தை, தாண்டிட்டீங்களா? டாக்டர் காத்துட்டிருக்காங்க."

"இதோ தாண்டறேன்ப்பா."

அந்தப் பக்கம் கால் வைத்ததும் போனில் குழந்தை வீறிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் மருமகன் வைத்துவிட்டான்.

இனி அவள் திரும்பி வந்தால் அங்கே ஒரு உயிர் போகும் என்பதால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மாதாமாதம் எல்லைக்கு வருகிறேன் என்ற மகள் ஆறு வருஷத்தில் இரண்டு தரம் வந்தாள். இரண்டாம் தரம் பேத்தி கல்லைத் தாண்டி ஓடிவரப் பார்த்தபோது முடியைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் வரவில்லை.

ஏழாவது வருஷம் பக்கத்து வீட்டுக்கு இரண்டு பெட்டிகளோடு ஒருவர் குடிவந்தார். மகளுடைய மாமனார். இரண்டாவது பிரசவம் நல்லபடியாக முடிந்திருந்தது. நெஞ்சைத் தடவியபடி வேலியோரம் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, இங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

"காலையில ஆறுக்கு. அரை மணி நேரந்தான்," என்று சொல்லி, ஒரு வாளியை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினாள்.