பேலட் கட்டைக் கூடைகள்

பகலவன் கூடையைத் தரையில் கவிழ்த்து அடிப்பக்கத்தில் ஓங்கி மிதித்தான். உடையவில்லை. எம்பிக் குதித்தான். சட்டங்கள் முனகினவே தவிர விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னாடா இது, சித்தப்பா ஆணி அட்ச்சாரா, வெல்டிங் வெச்சாரா?"

ஷாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள்.

புருஷன் செத்தவள் தலைமாட்டை விட்டு எழக் கூடாது. மதிவதனி எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சுப்பராயன் கிடந்தார். நேற்றுக் காலை தோட்டத்தில் பாகல் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், கட்டி முடிக்காமலே சாய்ந்துவிட்டார். பெட்டியைச் சுற்றி அழுதவர்களின் லட்சணத்தைக் காலையிலிருந்து பார்த்தாகிவிட்டது. போன் அடித்தால் அழுகையை நிறுத்தி, "ஆங், சாவுல கீறோம், அப்பறமா பேசு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைப் பிடித்துக்கொண்டார்கள். தெருமுனையில் அவருடைய அண்ணன் வீட்டார் வைத்த பேனரில் சுப்பராயன் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டதோடு சரி. கம்ப்யூட்டரில் யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள்.

விடிந்ததிலிருந்து தூறல். மேளத்தோல் நமத்துப்போயிருந்தது. தீயில் காட்டினால்தான் தோல் விறைக்கும், விறைத்தால்தான் சத்தம் எழும்பும். மேளக்காரர் ஏசுவடியான் ஒரு கட்டு வைக்கோல் கேட்டார். வயலெல்லாம் கம்பெனியாகிவிட்ட சேரப்பணஞ்சேரியில் இப்போது வைக்கோலுக்கு எங்கே போவது? அட்டைப்பெட்டிகளும் நனைந்து கிடந்தன. "காஞ்ச கட்ட இருந்தா கூட போதும் தம்பி" என்றார். சுப்பராயனின் அண்ணன் மகன் பகலவன் பைக்கில் தன் வீட்டுக்குப் போய், ஐந்து கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி எடுத்து வந்துவிட்டான்.

எல்லாம் சுப்பராயன் செய்தவை. கார் சாமான் கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் வேலை. சரக்கு அடுக்கி ஏற்றிவரும் பேலட் மரத்தட்டு உடைந்தால் ஓரமாக வீசிவிடுவார்கள். செக்யூரிட்டியிடம் பல்லைக் காட்டி, கேட் பாஸ் வாங்கி, அந்தக் கட்டைகளை வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். கம்பெனிக் குப்பையைப் பொறுக்கிவரும் ஆம்பிளைக்கு வாக்கப்பட்டோமே என்று மதிவதனிக்கு உடம்பு கூசும். லீவு நாளெல்லாம் இழைப்பார், அறுப்பார், உப்புத்தாள் தேய்ப்பார். முழுதாக ஒரு மாதம் போனால் ஒரு கூடை.

முதல் கூடையை அவளிடம்தான் நீட்டினார்.

"சுண்டுவெரல் நொழையிற சந்து. இதுல இன்னாத்த பறிக்கிறது? அடுப்புல வை" என்றாள்.

"மண்ணு உதிரணும் இல்ல, அதுக்குதான் சந்து. முள்ளங்கிய புடுங்கிப் போட்டு கூடையோட கழுவிடலாம்" என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். அந்தக் கூடை அண்ணன் வீட்டுக்குப் போனது. பிறகு செய்தவையெல்லாம் நிறையக் கத்திரிக்காயோடும் வெண்டைக்காயோடும் அங்கேயும் இன்னும் யார் யார் வீட்டுக்கோவும் போயின. இன்னொரு முறை நீட்டமாட்டாரா என்று மதிவதனி பதினேழு வருஷமாகப் பெயிண்ட் வாளியில் காய் பறித்தாள். அவர் நீட்டவில்லை. இவளும் கேட்கவில்லை. அப்பேர்ப்பட்ட புருஷன், அப்பேர்ப்பட்ட பெண்டாட்டி.

ஓரகத்தி தாயாரம்மாள் மாடித்தோட்டம் போட்டிருந்தாள். பார்க்கும்போதெல்லாம், "உம் புருசன் குட்த்த கூடையிலதான்டி தக்காளி பறிக்கிறேன், கை ராசி" என்பாள். அதைக் கேட்டு வயிறு எரிந்தபடி மதிவதனி வீடு திரும்புவாள்.

இப்போது படியிறங்கி ஒரு கூடையைக் கையில் எடுத்தாள். உள்ளே மண் கறை இல்லை. ஒருநாள் கழுவிய தடம்கூட இல்லை. இழைத்த அன்றிருந்த வெள்ளை அப்படியே இருந்தது. மூலையில் ஒட்டடை.

"இத்த எங்கடா வெச்சிருந்தீங்க?"

"பரண்ல, சித்தி. எடத்த அட்ச்சிகினு கெடந்துச்சு. அம்மாதான் எட்த்துனு போ சொல்ச்சு."

மூக்கைச் சிந்திக்கொண்டே தாயாரம்மாள் வந்தாள். "வுடுடி. மழையில காஞ்ச கட்டைக்கு எங்க போறது?"

"தக்காளி பறிக்கிறேன்னு சொன்னியேக்கா."

"அந்தாளு மனசு நோவக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப இன்னா, கொல குத்தமா? அடுப்புல வைன்னு மொதல்ல சொன்னவளே நீதான?"

"சொன்னேன்" என்றாள் மதிவதனி. "நான் பொண்டாட்டி, சொன்னேன். நீ யாருக்கா?"

பகலவன் குறுக்கே வந்தான். "சித்தி, மேளம் சரியில்லாம தூக்கினா ஊரே சிரிக்கும்."

"இப்ப சிரிச்சது பத்தலியா?"

அவன் காலடியில் கிடந்த கூடையையும் இழுத்துக்கொண்டாள். அவன் குதித்ததில் ஒரு சட்டம் மட்டும் விரிந்திருந்தது. ஐந்தையும் இடுப்பில் அணைத்துக்கொண்டு ஏசுவடியானிடம் திரும்பினாள்.

"அண்ணே, தீயில காட்டாம அடிக்க முடியுமா?"

அவர் தோலை விரலால் சுண்டிப் பார்த்தார். "அடிக்கலாம் அண்ணி. தொப்பு தொப்புன்னுதான் இருக்கும். தெருமுன தாண்டாது. வூட்ல கீற பொம்பளைங்களுக்கு ஒண்ணும் கேக்காதே."

"பரவால்ல. அடிங்க."

அவர் போகாமல் நின்றார். "எங்க வூட்லயும் அண்ணன் குட்த்தது ஒண்ணு கீது. பொய் சொல்லக் கூடாது, கோழிய அடை வெச்சிகீறோம். ஒருநாள் பாத்துட்டாரு. காத்தோட்டமா கீது, கோழிக்கு சரிதான்னு சொல்லிட்டுப் போனாரு."

மதிவதனிக்கு வாயோரம் இழுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், கூடைகளைக் கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தாள். ஐஸ் பெட்டிக்காரன் நகர்த்தச் சொன்னான். நகர்த்தவில்லை.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். அந்த ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் ஏரிக்கரைச் சுடுகாடு வரை காதுதான் கூடப் போகும். சிறுபாலத்தில் அடி வேகமெடுக்கும். சுடுகாட்டு வாசலில் மேளம் நிற்கும். நின்ற பிறகுதான் வீட்டைக் கழுவித் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

நமத்த மேளம் தொப்பு தொப்பென்று அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. இரண்டு வீடு தாண்டியதும் தேய்ந்தது. ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு எதுவுமே கேட்கவில்லை.

பெண்கள் நிறைகுடங்களோடு வாசலில் நின்றார்கள்.

"பாலம் தாண்டிட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"யாருக்குத் தெரியும்?"

தாயாரம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "வூட்ட கழுவலாமா வாணாமா, அதச் சொல்லுடி. எவ்ளோ நேரம் நிக்கிறது?"

மதிவதனி ஏரிப் பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தாள். காதை மறைத்த ஈர மயிரை ஒதுக்கிவிட்டாள்.

"இரு" என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம் போவட்டும்."

குடத்துத் தண்ணீரில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.