நன்றி பேனர்

கோர்ட்டில் ஜெயித்தும் என் பயிரைக் காப்பாற்ற முடியவில்லை. வெயிலைக் குறை சொல்லமாட்டேன், பூச்சியையும் சொல்லமாட்டேன். எல்லாம் என் மனைவியின் தம்பி பரசுராமன் வைத்த ஒரு பேனரால் வந்த வினை.

திருப்பாச்சூர் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் நெல். ஏரித் தண்ணீர் வரும் கால்வாயைப் புதுத் தேசிய நெடுஞ்சாலை போட்டவர்கள் மண்ணடித்து மூடிவிட்டார்கள். அவர்கள் ஆபீசில் போய்க் கேட்டால், "ரோடு டெல்லியுது, நாங்க இன்னா பண்றது?" என்றார்கள். ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டேன். டெல்லிக்குப் போகிற ஆள் என்று எம்.பி.யிடமும் மனு கொடுத்தேன். அவர் சபையில் கேட்டாராம். விஷயம் கோர்ட்டில் இருப்பதால் பதில் சொல்ல முடியாது என்று மந்திரி சொல்லிவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீதிபதிதான் விஷயத்தைப் பிடித்தார். பத்து நாளில் சாலைக்கு அடியில் குழாய் போட்டுத் தண்ணீர் விட வேண்டும் என்று உத்தரவு. கதிர் பால் பிடிக்கிற நேரம். பத்து நாள் எப்படியும் தாங்கும். கோர்ட் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் டிரான்ஸ்பார்மர் மாற்றினால்கூட யாருக்காவது நன்றி சொல்லிப் பேனர் வைத்தாக வேண்டும். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு நின்றது: 'நீதிமன்ற உத்தரவைப் பெற்றுத் தந்த எங்கள் எம்.பி. அவர்களுக்கு நன்றி.' கை கூப்பிய எம்.பி.க்குப் பக்கத்தில் என் முகம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"இன்னா மச்சான் இது? ஜட்ஜு குட்த்த ஆர்டருக்கு எம்.பி.க்கு எதுக்கு நன்றி?"

"ஜட்ஜு போட்டோ கெடைக்கல மாமா," என்றான் பரசுராமன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பேனரைப் படம் பிடித்துக் கோர்ட்டில் நீட்டினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டம் போடறது அவங்க. தீர்ப்பு சொல்றது நாங்க. இதுல யாரு யாருகிட்ட உத்தரவு வாங்கித் தந்தது?"

"ஐயா, அது என் மச்சான் வெச்சது..."

"படத்துல இருக்கறது நீங்கதானே?"

எம்.பி. விளக்கம் தரும்வரை உத்தரவு நிறுத்திவைப்பு. நாலு வாரம். எம்.பி. பயந்துபோய், கால்வாய் விஷயத்தில் தான் எதுவுமே செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாவம், செய்த ஒன்றையும் இல்லையென்று எழுதவேண்டியதாயிற்று. ஆபீசிலோ, "ஆர்டரே நிக்குது, நாங்க மட்டும் எப்படி நடக்கறது?" என்றார்கள். தன் வேலையில் அடுத்தவன் கை வைக்கக் கூடாது என்பதில் மூன்று பேரும் ஒற்றுமை. நடுவில் என் வயல் வெடித்துக் கிடந்தது.

ஐந்தாவது வாரம் உத்தரவு மறுபடி உயிர் பெற்றது. ஜேசிபி வந்தது, குழாய் வந்தது, தண்ணீரும் வந்தது. முந்தின நாள்தான் நானும் என் மனைவி கல்பனாவும் அறுத்து முடித்திருந்தோம். அடித்ததைக் கொட்டத் தார்ப்பாய் இல்லாமல், அவள் அந்தப் பேனரையே கழற்றிவந்து விரித்திருந்தாள். எம்.பி. மேலும் என் மேலும் பதர் குவிந்திருந்தது. ஒரு கை அள்ளி ஊதினேன். கையில் நாலு மணிகூட மிஞ்சவில்லை.

பரசுராமன் கால்வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மாமா, ஜட்ஜு போட்டோ கெட்ச்சிச்சு. ஒரு பேனர் வெச்சிடலாமா?"

கல்பனா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"வைடா. அட்த்த போகத்துப் பதரையும் எதுலனா கொட்டணும்ல."