சமையலறைச் சுவரில் காசியம்மாள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சூளையைத் திறந்தார்கள். நெருப்பை அணைத்து ஒரு நாள் ஆகியும் அனல் முகத்தில் அறைந்தது. ராபர்ட் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, டைல்ஸைத் தட்டோடு எடுத்து வெளியே நீட்டினான். பானுமதியும் மற்றப் பெண்களும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். கையுறை என்ற பெயரில் கம்பெனி கொடுத்திருந்தது பழைய பனியன் துணி. உள்ளங்கை பொத்துப்போனாலும் யாரும் தட்டை நழுவவிடவில்லை. நழுவினால் அன்றைக்குக் கூலி இல்லை.

வரிசையின் கடைசியில் செக்கிங் மேசை. அங்கே விமலாராணி. ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்பாள். கண்ணுக்கு நேரே பிடித்து விளிம்பைப் பார்ப்பாள். தேறினால் வலப்பக்கம் போகும். தேறாவிட்டால் முதுகில் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டு இடப்பக்கம் ஒதுக்குவாள். ஒதுக்கிய டைலுக்குக் கூலி கிடையாது. யார் செய்தது என்று தெரிவதற்காக, ஈர மண்ணிலேயே ஒவ்வொரு பெண்ணும் தீக்குச்சியால் தன் அடையாளத்தைக் குத்திவிடுவது விருத்தாசலத்தில் அந்தக் கம்பெனியின் வழக்கம். பானுமதிக்கு ஒரு கோடு, காசியம்மாளுக்கு இரண்டு புள்ளி.

அன்றைக்கு வந்த தட்டுகளில் இரண்டு புள்ளி இல்லை. காசியம்மாளை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு முதலாளி தேவநாதன் விமலாராணியைத் தனியாகக் கூப்பிட்டார். "ராணி, இனிமே கறாரா பாக்கணும். சிட்டி பார்ட்டி, பங்களா வேலை. நூலளவு வளைஞ்சிருந்தாலும் தள்ளிடு. தள்ளுனத பின்னால குழிய ரொப்ப வச்சுக்கலாம்" என்றார். கையால் அழுத்திய மண் சூளையில் கொஞ்சம் வளையாமல் என்ன செய்யும்? இருந்தாலும் தள்ளினாள். அதிகம் தள்ளுபட்டது காசியம்மாளுடையது. பதினெட்டு வருஷம் அச்சில் மண் அழுத்திய மனுஷியிடம், "யக்கா, ஒங்க கை போயிடுச்சு, மொதலாளி நின்னுக்கச் சொல்றாரு" என்று சொன்னதும் இவள்தான். காசியம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

போன வாரம் தேவநாதன் விமலாராணியைச் சென்னைக்கு அனுப்பினார். கடற்கரைச் சாலையில் ஒரு பங்களா. சமையலறைச் சுவருக்கு நிறம் பிரித்து அடுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

அவள் குடியிருந்த வீடு அப்படியே அந்தச் சமையலறைக்குள் அடங்கிவிடும், நாலு ஆடும் கட்டலாம். நடுவில் கட்டில் அகலத்துக்கு வெள்ளைக் கல் மேடை. விரல் பட்டால் திறந்து, தானே சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் இழுப்பறைகள். அடுப்பு எங்கே என்று கேட்டதற்கு, மேடையில் பதித்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் காட்டினார்கள். இவ்வளவும் பார்ப்பதற்குத்தான். மீன் பொரிக்கவும் கடுகு தாளிக்கவும் பின்பக்கம் இன்னொரு சமையலறை இருந்தது, அதில் நின்று வேகுவதற்கு ஒரு வேலைக்கார அம்மாவும் இருந்தார்.

டிசைனர் பூர்ணிமா டைல் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கவே கூடாது. இந்த வளைவுதான் அழகு. கையால செஞ்சதுன்னு பாத்ததும் தெரியணும். மெஷின் டைலவிட மூணு மடங்கு குடுத்து வாங்கியிருக்கோம்" என்றாள்.

விமலாராணி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். முதுகில் சிவப்புப் பெருக்கல் குறி, அவள் போட்டது. அதன் ஓரத்தில் இரண்டு புள்ளி. இன்னொன்று, அதிலும் இரண்டு புள்ளி. கொத்தனார் வாங்கி, குறியின் மேலேயே பசையை அப்பி, சுவரில் ஒட்டினார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும்வரை நிறம் பிரித்துக் கொடுத்தாள். மத்தியானம் பிரியாணி வாங்கித் தந்தார்கள், அதையும் சாப்பிட்டாள். அந்தச் சோறுதான் ஒரு வாரமாக நெஞ்சிலேயே நிற்கிறது. மகள் ஃப்ளோராவின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்குமே என்று ஒரு பயம் இருந்தது, உண்மைதான். அதைவிடப் பெரிய பயம், சொல்ல ஆரம்பித்தால் குறி போட்டது யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெட்கம் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

ஏழு மணிக்கு ஒயர் கூடையோடு காசியம்மாள் வந்து நின்றாள். நேராகச் செக்கிங் மேசைக்கு வந்து, ஈரத் துணியைப் பிரித்து, நாலைந்து பச்சை மண் வில்லைகளை எடுத்து வைத்தாள்.

"ராணி, வூட்டுலயே மண்ணு கொழைச்சு தெனம் அமுத்திப் பாத்தேன். அச்சு இல்ல, பலகையில வச்சுத்தான். என் கை எங்க தப்புதுன்னு நீயே பாத்துச் சொல்லும்மா. திருத்திக்கிறேன்."

விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. பழக்கத்தில் விமலாராணி ஒரு வில்லையைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். விளிம்பு நேராக இருந்தது. அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஒங்க கையில ஒரு தப்பும் இல்லக்கா. நான்தான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி, பங்களாவில் பார்த்தது அத்தனையையும் சொன்னாள். கைமாற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ராபர்ட் சூளையை விட்டு வெளியே வந்தான்.

"என்னுதுகூட இருந்துச்சா?" என்று பானுமதி கேட்டாள்.

"எல்லாருதும் இருந்துச்சு."

"அங்கயே தெரிஞ்சுதா ஒனக்கு?"

"தெரிஞ்சுது."

"ஒரு வாரமா எப்படி எங்ககூட ஒக்காந்து சோறு தின்ன?"

விமலாராணி கையிலிருந்த மார்க்கரை மேசையில் வைத்தாள். தலை தானாகக் குனிந்தது. காசியம்மாள் மண் வில்லைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள்.

எட்டு மணிக்குத் தேவநாதனின் கார் வந்தது. "என்னா கூட்டம்? யாரு வேலைய நிறுத்தச் சொன்னது?"

"மொதலாளி, தள்ளுன டைல்ஸு குழிக்குப் போவுதா, மெட்ராஸுக்குப் போவுதா?" என்றான் ராபர்ட்.

தேவநாதன் விமலாராணியை ஒரு பார்வை பார்த்தார். "தள்ளுனது நானா? குறி போட்டது அந்தம்மா. அவங்களக் கேளுங்க."

"நான்தான் போட்டேன். நீங்க சொல்லிப் போட்டேன். எங்க வேணாலும் வந்து இதச் சொல்றேன். இனிமே போட மாட்டேன்" என்றாள் விமலாராணி.

"கோணலானத வெலைக்கு வித்தது என் சாமர்த்தியம்."

"செஞ்சது நாங்க சார்" என்றாள் பானுமதி. "வித்ததுக்கெல்லாம் கூலி வேணும். காசியக்கா உள்ள வரணும்."

"ஒரு போன் போட்டா வடக்கேருந்து இருபது பேரு வந்து எறங்குவான்."

"வரட்டுங்க. அவங்களுக்கும் சொல்றோம், எங்களுக்கு நடந்தத" என்றான் ராபர்ட்.

"கேட்டைப் பூட்டிடுவேன்!"

சொன்னபடி எல்லாரையும் வெளியேற்றிப் பூட்டினார். எல்லாரும் சாலையோர வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். சூளையில் பாதி டைல்ஸ் அப்படியே கிடந்தது. தொழிலாளர் ஆபீஸுக்குக் கொடுக்க ராபர்ட் மனு எழுதத் தொடங்கினான். அங்கே என்ன சொல்வார்கள், கேட் எப்போது திறக்கும், யாருக்கும் தெரியாது.

விமலாராணி நிழலுக்கு வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றாள். எந்த முகத்தோடு வந்து உட்காருவது? வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"எத்தினி பேருன்னு எழுதுன?" என்று காசியம்மாள் ராபர்ட்டைக் கேட்டாள்.

"ஒங்களோட பதினேழுக்கா."

காசியம்மாள் சாலையின் அந்தப் பக்கம் பார்த்தாள். முகம் இளகவில்லை.

"ராணி, ஒம்மேல எனக்குக் கோவம் இருக்குது. சீக்கிரம் போவாது" என்றாள். "அது நமக்குள்ள. நீ வந்து கையெழுத்துப் போடு. பதினெட்டுன்னு எழுதட்டும்."

பானுமதி கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு உட்கார்ந்தாள். விமலாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.