சிறில் ஆசிரியர் நிரப்பிய படிவம்

துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வெயிலில் அசையாது நிற்க, கோயில் மணி நண்பகலை அறிவித்து ஓய, ஜிந்துப்பிட்டிச் சந்துகளிற் பூ விற்கும் பெண்கள் வாடிய மாலைகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருக்க, உப்புக்காற்றும் ஊர்திகளின் இரைச்சலும் ஒருங்கே நிறைந்த கொட்டாஞ்சேனையில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பள்ளியின் வாயிலருகே, பழைய மரவாங்கொன்றிலே சிறில் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அமர்ந்திருந்தார். கற்றறிந்த வாசகரே, அவருடைய துயரத்தைக் கூறுமுன் அவருடைய பெருமையைக் கூறிவிடுகிறேன். இந்நகரம் அதனைக் கூறப்போவதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் உயர்தர வகுப்பிலே கிரேக்க உரோம நாகரிகம் கற்பித்து வந்தார். சுமை தூக்குவோர்க்கும் கடை எழுத்தர்க்கும் பிறந்த பிள்ளைகள், தாம் காணாத கடலையும் கேளாத மன்றங்களையும் அவர் வாய்மொழியாற் கண்டும் கேட்டும் களித்தனர். ஆயினும் பத்துப் பேருக்குக் குறைந்த பாடம் பள்ளியில் இராது என்று அதிபர் இவ்வாண்டு விதித்துவிட்டார். சிறிலிடம் எஞ்சியிருந்தோர் சரியாகப் பத்துப் பேர். ஒருவர் விலகினாலும் பாடம் போகும். பாடம் போனால், இரத்மலானைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலே சின்னஞ்சிறார்க்குச் சித்திரம் கற்பிக்க அவரை அனுப்புவதாகப் பேச்சிருந்தது. கோடு கீறவும் அறியாத அவருக்கு அது நாடுகடத்தலேதான். பாடம் மாற விரும்புவோர் படிவம் கொடுக்க அன்றே இறுதி நாள்.

முந்திய கிழமைதான் அவர் உடைந்த கூரையோடுகளைப் பையிற் கொணர்ந்து மாணவர்க்குப் பகிர்ந்து, ஏதென்சு மாந்தர் தமக்கு வேண்டாதவன் பெயரை ஓட்டுச் சில்லிற் கீறி அவனைப் பத்தாண்டு ஊர்கடத்திய வழக்கத்தை விளக்கினார். எழுத்தறியாக் குடியானவன் ஒருவன், நேர்மையாளன் எனப் பெயர்பெற்ற அரிசுடைடிசை இன்னாரென்று அறியாமல் அவரிடமே சில்லை நீட்டி, "அரிசுடைடிசு என்று எழுதித் தருக, அவனை நேர்மையாளன் என்று யாவரும் புகழக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்" என்றானாம். அவரோ தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தாராம்.

"அவர் ஏன் சேர் வேற பேரை எழுதேல்லை? அந்தாளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே," என்று கேட்டாள் றேணுகா. வகுப்பிலே முதல்வி அவள்.

"எழுதியிருந்தால் இண்டைக்கு நாங்கள் அவரைப் பற்றிக் கதைச்சிருக்க மாட்டம், பிள்ளை," என்றார் சிறில். அந்த விடையில் அவருக்கே சற்றுச் செருக்கு இருந்தது.

பள்ளிக்கு வரும் படிவங்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே வரும். அவற்றை வாசிக்க இயலாத பெற்றோர்க்கு நண்பகல் இடைவேளையிலே நிரப்பிக் கொடுப்பதைச் சிறில் நெடுங்காலமாகக் கடமைபோற் செய்துவந்தார். வருவோர்க்கு அவர் 'வாங்குச் சேர்'. என்ன கற்பிக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றும் துறைமுகத் தொழிலாளி ஒருவர் வியர்வை வழிய வந்து ஒரு தாளை நீட்டினார்.

"சேர், இதைக் கொஞ்சம் நிரப்பித் தாங்களேன். சிங்களம் கதைப்பன், வாசிக்க வராது. மகளை அந்தக் கிரேக்கப் பாடத்திலயிருந்து எடுத்து ஊடகப் பாடத்துக்குப் போடோணும்."

"மகளின்ர பேர்?"

"றேணுகா."

சிறிலின் கை நின்றது. "படிப்பிக்கிறவர் சரியில்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஐயோ, அந்தாளை நான் கண்டதேயில்லை. நல்லவர், கெட்டிக்காரர் எண்டு வீட்டில ஒரே புராணம். காது புளிச்சுப்போச்சு, சேர். நல்லவரை வச்சு நாங்க என்ன செய்யிறது? நாளைக்கு வேலை எடுக்க வேணாமோ?"

பாட எண்ணில் ஓர் இலக்கம் பிழையானாற் போதும். பள்ளிப் பணிமனை படிவத்தைத் திருப்பிவிடும், நாளும் கடந்துவிடும், பத்துப் பேர் பத்துப் பேராகவே இருப்பர். எதிரே நின்றவருக்கு அது தெரியவும் வராது. சிறிலுக்குப் பொல்லாத சினம் மூண்டது. அம்மனிதர்மீதன்று, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன அந்த நேர்மையாளன்மீது. பிழையான இலக்கத்தை எழுத எழுதுகோலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் ஒரு புள்ளி மட்டுமே விழுந்தது. பின்பு சரியான இலக்கத்தையே எழுதினார்.

படிவத்தின் அடியிலே மாணவியின் ஒப்பம் முன்னமே இடப்பட்டிருந்தது. விடைத்தாள்களில் அவர் வியந்து பார்த்த அதே வட்டவெழுத்து.

"என்னட்டக் குடுக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"மகள்தான். 'வாங்கில இருக்கிற சேரிட்டயே குடுங்கோ அப்பா, வேற ஒருத்தரிட்டயும் குடுக்க வேணாம். அவர் பிழையா எழுத மாட்டார்' எண்டவ."

சிறில் தாளை மடித்துக் கொடுத்தார். தொழிலாளி நன்றி கூறிப் படியேறினார். பணிமனையிலே அலுவலர் படிவத்தை மேலுங் கீழும் பார்த்துக் குறையொன்றுங் காணாது முத்திரை குத்தினார்.

வாசகரே, பாரசீகர் படை திரண்டு வந்தபோது ஏதென்சு மாந்தர் தாம் துரத்திய நேர்மையாளனைத் தாமே மீள அழைத்துக்கொண்டனர். கொட்டாஞ்சேனைமீது அத்தகைய படை எதுவும் வரப்போவதில்லை. சிறில் ஆசிரியரை மீள அழைக்க எவருக்கும் எந்நாளும் தேவை நேரப்போவதுமில்லை. தாம் கற்பித்த பாடத்தை ஒரு மாணவி முழுமையாகக் கற்றுக்கொண்டாள் என்பதொன்றே அவருக்கு எஞ்சிய கைம்மாறு. அதனை ஏந்திக்கொண்டு, மணி அடித்ததும், அவர் தம் ஒன்பது பேரிடம் சென்றார்.