ஒல்லியின் கடைசிச் சிட்டிகை

என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒல்லியின் அக்கா அங்கே வந்தபோது, அவன் செய்து வைத்துவிட்டுப் போன வினையூக்கியில் மிச்சமிருந்த ஒரே சிட்டிகையை நான் அமிலத்தில் போட இருந்தேன். போன மாதம் சாலை விபத்தில் அவன் போய்விட்டான். அன்றிலிருந்து எனக்கு வேளாவேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, யாராவது ஜோக் அடித்தால் சிரிக்கவும் செய்கிறேன். அழுகை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வினையூக்கியில், வெள்ளை ஆக்சைடுத் தூளின் மேல் தங்கமும் பல்லேடியம் என்ற உலோகமும் ஒன்றாக உட்கார வேண்டும். தனித்தனியே இரண்டும் சோம்பேறிகள். சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒல்லி செய்ததில் சேர்ந்திருந்தன. அவன் எழுதி வைத்த முறையை வரி பிசகாமல் பின்பற்றி நான் செய்ததிலெல்லாம் எலியும் பூனையுமாக ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. என்ன விகிதத்தில் சேர்ந்தன என்று தெரிய வேண்டுமானால் இருப்பதைக் கரைத்தாக வேண்டும் என்றார் பேராசிரியர். தெரியாவிட்டால் ஒல்லி இத்தனை வருடம் மாரடித்தது வீண்.

அக்கா அவனுடைய செருப்பையும் டீ கப்பையும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, அவன் கையால் செய்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். குப்பியைக் காட்டினேன்.

"இதுக்கா வீட்டுக்கே வராம கிடந்தான்? அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கு."

கரைத்தால் திரும்பக் கிடைக்காது என்பதையும் சொன்னேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்துவிடுவது என்றிருந்தேன். பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அக்கா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார்.

"கரைங்க தம்பி. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

ஒல்லியின் பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவனைப் போலவே அவருக்கும் அது மூக்கில் நிற்கவில்லை. அமிலம் சூடேறி மஞ்சளானது. சாம்பல் நிறம் போய், அடியில் வெள்ளைத் தூள் மட்டும் தங்கியது.

"அது ஏன் கரையல?"

"அது வெறும் தாங்கிதான்கா. ரெண்டையும் பிடிச்சு வச்சிருந்தது. கரையாது. கொட்டிடுவோம்."

"கழுவிக் குடுப்பீங்களா?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. மஞ்சள் கரைசலைச் சொட்டு விடாமல் சோதனைக்கு எடுத்து வைத்தேன். மிஞ்சிய தூளில் தண்ணீர் ஊற்றினேன். தெளிய வேண்டும், இறுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும், அமிலம் போகும்வரை. அக்கா கண்ணாடியைக் கழற்றாமல் ஒல்லியின் ஸ்டூலில் உட்கார்ந்தார். பீக்கரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நிற்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அசைந்தால் தூள் படியாது. பீக்கரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.