பதினாலா, பதினாறா?

ஜிலாலிக்கு முதுகில் கண் இல்லை என்பதை மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய வீடுகள் வாரம் இரண்டு முறையாவது அவனுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தன. அறை முழுவதையும் கட்டத்துக்குள் அடக்க, கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஓரடி பின்னே போவான். இன்னும் ஓரடி. அப்புறம் சுவர். சுவர் இல்லாத இடத்தில் தூண். தூணும் இல்லாத இடத்தில் முற்றத்து நீர்த்தொட்டி. அப்படித் தொட்டிக்குள் இதுவரை இரண்டு வீடுகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறான், கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி.

குற்றம் தேவதாரு மரங்களுடையது. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் உத்தரத்துக்கு எவ்வளவு நீள மரம் கிடைத்ததோ அவ்வளவு அகலத்துக்குத்தான் அறை கட்டினார்கள். மிச்ச ஆசையை நீளத்தில் தீர்த்துக்கொண்டார்கள். அதனால் ஒவ்வொரு கூடமும் ஒரு ரயில் பெட்டி. குறுக்கே இரண்டரை மீட்டர், நெடுக்கே ஏழு. வாசல் நீளச் சுவரின் நடுவில். அந்த வாசலில் நின்று இரண்டு கோடியையும் ஒரே படத்தில் காட்டு என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஜிலாலி அரும்பாடுபட்டு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கிய பிறகும், இருந்த லென்ஸ் இருபத்துநாலு மில்லிமீட்டர்தான். அதில் பாதி அறையும் ஒரு குஷனும் தெரிந்தன.

லல்லா ருக்கியா தன் வீட்டை வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக்கப்போகிறாள். கணவர் போன பிறகு அவளாகவே எடுத்த முதல் முடிவு அது. இணையத்தில் போட ஜிலாலி எடுத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்குத் தலை இருந்தா கால் இல்ல, கால் இருந்தா தலை இல்ல. இது வீடா, கசாப்புக் கடையா?" என்றாள். இரண்டாம் தடவை மூன்று படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டிக் கொடுத்தான். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உத்தரம் ஒட்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த உத்தரம் எங்க வீட்ல எப்ப ஒடைஞ்சுது ஜிலாலி?"

சனிக்கிழமை கடைசி வாய்ப்பு. அதுவும் சரிவராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா மகன் அன்வர் ஃபோனோடு வருவான். ஃபோன்! அதில் ஒரு பொத்தானைத் தட்டினால் அறை கால்பந்து மைதானமாகிவிடுமாம். பதினேழு வருடமாகப் படம் எடுப்பவனை ஃபோன் தோற்கடித்தது என்ற செய்தி, சந்துமுனைப் பொது அடுப்புக்குப் போகும் ரொட்டிப் பலகைகளோடு போய், வெந்த ரொட்டியோடு எல்லா வீட்டுக்கும் திரும்பி வந்துவிடும். அந்தச் சந்தில் இன்னும் ஏழு வீடுகள் விடுதியாகக் காத்திருந்தன.

ஆகவே ஒரு லென்ஸ் வேண்டும். மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ்; மில்லிமீட்டர் குறையக் குறையப் பார்வை அகலும். புது நகரத்தில் பூஷ்தாவின் கேமராக் கடையில் அப்படி இரண்டு இருந்தன. ஜிலாலி மூன்று வாரமாக அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒன்று பதினாலு மில்லிமீட்டர். முன்கண்ணாடி ஆட்டின் கண்போலப் பிதுங்கி நிற்கும், அதன்மேல் ஃபில்டர் போட முடியாது, ஆனால் உலகத்தையே விழுங்கும். மற்றது பதினாறிலிருந்து முப்பத்தைந்து வரை போகும் ஜூம். அடக்கமானது. பார்வையில் அதைவிடக் கொஞ்சம் கஞ்சம்.

"ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்," என்றான் பூஷ்தா. "ரெண்டே ரெண்டு. உன் பல்லிடுக்குல இருக்கிற எள்ளு அதைவிடப் பெருசு."

"அகலத்துல அது பெரிய வித்தியாசம் பூஷ்தா. ஒருத்தர் சொல்றாரு, பதினாலு இல்லாம உள்ளறை படமே எடுக்கக் கூடாதாம். இன்னொருத்தர் சொல்றாரு, பதினாலு எடுத்தா தூணெல்லாம் குடிச்சவன் மாதிரி சாயுமாம்."

"யாரு அந்த ஒருத்தர்?"

"இன்டர்நெட்ல."

"அவரு உங்க சந்துல படம் எடுத்திருக்காரா?"

"நார்வேல இருக்காரு."

பூஷ்தா டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஸுஹூரைக் கல்யாணம் பண்ண எவ்வளவு நேரம் யோசிச்சே? நானும்தானே கூட வந்தேன். ஒரு கிளாஸ் டீ குடிச்ச நேரம்! அவளுக்கு இருந்த ராசி இந்தக் கண்ணாடித் துண்டுக்கு இல்லையே! இந்தா, ரெண்டையும் எடுத்துட்டுப் போ. உன் அடையாள அட்டையை இங்க வை. சாயங்காலம் மக்ரிப் பாங்குக்குள்ள ஒண்ணைத் திருப்பிக் குடு, மத்ததைக் காசு குடுத்து வச்சுக்கோ. ஆட்டுக் கண்ணுல விரல் ரேகை இருந்துச்சு, உன் அட்டையை எரிச்சுருவேன்."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜிலாலி வாசற்படியில் முக்காலியை நிறுத்தி, பதினாலை மாட்டினான். கட்டத்துக்குள் பார்த்தவன் மூச்சே விடவில்லை. இடக்கோடி இருந்தது. வலக்கோடி இருந்தது. உத்தரங்கள் எல்லாம் முழுசாக இருந்தன. தரைக் கல் கோலம் கரைவரை விரிந்து கிடந்தது. மட்டத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத் தூண்களையும் நிமிர்த்திவிட்டான். நார்வேக்காரரை மனசார வாழ்த்தினான்.

லல்லா ருக்கியா திரையைப் பார்த்தாள். "அல்லாஹ்! இது என் வீடா?"

"உங்க வீடுதான் லல்லா."

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு. இரு, நான் வந்து உக்காந்துக்கறேன்."

அவள் உள்ளே போய்ப் பச்சைக் கஃப்தான் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். கூடத்தின் வலக்கோடிக்குப் போய், இரண்டு சோபாக்கள் சேரும் மூலையில், உள்பக்கமாகச் சாய்ந்து அமர்ந்தாள். ஜிலாலி எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தான்.

அகல லென்ஸ் நடுவில் இருப்பவர்களை மரியாதையாக நடத்தும். ஓரத்தில் இருப்பவர்களைப் பரோட்டா மாவுபோல இழுக்கும். லல்லா ருக்கியாவின் வலத்தோள் படத்துக்கு வெளியே தனியாக ஒரு பயணம் கிளம்பியிருந்தது. கன்னம் அதை வழியனுப்பப் போயிருந்தது.

"இது யாரு?" என்றாள்.

"நீங்கதான் லல்லா."

"பொய் சொல்லாத. இது என் மாமியார்."

"லென்ஸோட கோளாறு லல்லா. ஓரத்துல உக்காந்தா அப்படித்தான். கொஞ்சம் நடுவுல வந்து..."

"நடுவுல யாரு உக்காருவா தெரியுமா? பால் கடைக்காரர் பெண்ஜாதி உக்காருவா. ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போறவங்க எல்லாம் உக்காருவாங்க. இந்த மூலைல பத்தொன்பது வருஷம் என் மாமியார் உக்காந்திருந்தா. நான் வாசப்படி ஓரமா டீத்தட்டோட உக்காந்திருந்தேன். அவ போய்ச் சேந்து, மையத்து வெளிய போன நாப்பதாம் நாள் நான் இங்க வந்து உக்காந்தேன். நகர மாட்டேன்."

ஜிலாலி பதினாலைக் கழற்றிப் பதினாறை மாட்டினான். கேமராவை அவள் பக்கம் சற்றே திருப்பினான். இப்போது முகம் முகமாகவே இருந்தது, தோள் உடம்போடு இருந்தது. ஆனால் இடக்கோடியில் நின்ற ஆளுயரக் கடிகாரம் பாதியோடு அறுந்துபோனது. முள் இருந்தது, பாதி எண்கள் இல்லை.

"கடிகாரம் எங்கே?"

"அது வராது லல்லா. அது வந்தா நீங்க இழுபடுவீங்க."

"எனக்கு ரெண்டும் வேணும். கடிகாரம் இல்லாத கூடம் என்ன கூடம்?"

மறுபடி பதினாலு. மறுபடி மாமியார். மறுபடி பதினாறு. மறுபடி அரைக் கடிகாரம். வாசலில் குந்தி எடுத்தான். நிலைப்படிக்கு வெளியே பின்வாங்கினான்; நிலைச்சட்டமே இரண்டு கோடியையும் மறைத்தது. லென்ஸை மாற்றி மாற்றி மாட்டினான். ஆட்டுக் கண்ணில் ஒரு ரேகையும் விழுந்துவிட்டது. அதைத் துடைக்கப்போய் இரண்டாக்கினான். மதியத்து லுஹர் பாங்கு வந்தது, போனது. பிற்பகல் அசர் பாங்கும் வந்தது. மூன்றாவது முறை புதினா டீ கொண்டுவந்த லல்லா ருக்கியா, "அன்வர் ஃபோன்ல ஒரே தட்டுல வருமாம்," என்றாள், சர்க்கரை போட்டபடியே.

ஜிலாலிக்குப் பொறுக்கவில்லை. "அன்வர் ஃபோன்லயும் உங்க மாமியார்தான் வருவாங்க லல்லா! கூடவே கூடம் மைதானமாயிரும். ஒருத்தன் ஜெர்மனியிலேர்ந்து பெட்டியத் தூக்கிட்டு வந்து இறங்குவான், இங்க கால் நீட்டினா எதிர்ச் சுவர் இடிக்கும். உங்களப் பார்த்து என்ன சொல்லுவான்? எனக்கு ஒண்ணு சொல்லுங்க, இது வீட்டுப் படமா, உங்க படமா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் கத்துகிறோம் என்று உறைத்தது. லல்லா ருக்கியா கஃப்தானின் மடிப்பை நீவினாள்.

"இந்த மூலைல என்னை யாருமே படம் எடுத்ததில்ல," என்றாள். "கல்யாணப் படத்துலகூட நான் ஓரத்துலதான் இருக்கேன். பாதிக் கை."

ஜிலாலி காலியான கிளாஸிலிருந்து ஒரு மடக்கு குடிப்பதுபோல் பாவனை செய்தான்.

அவள் எழுந்தாள். மூலையை விட்டு எழுந்தவள் நேராக இடக்கோடிக்குப் போய்க் கடிகாரத்தின் மேல் கையை வைத்தாள். "இதை இந்தப் பக்கம் தள்ளினா வருமா?"

"எதை?"

"கடிகாரத்தை. நான் நகர மாட்டேன்னு சொன்னேன். இது நகராதுன்னு யாரு சொன்னா?"

மூன்று வாரம் படித்த எந்த ஒப்பீட்டிலும் இது இல்லை. ஜிலாலி வழியில் இருந்த சோபா மெத்தையைச் சுருட்டி ஒதுக்கினான். இரண்டு பேரும் கடிகாரத்தை அணைத்துப் பிடித்து ஒன்றரை முழம் தள்ளினார்கள். அது உள்ளுக்குள் முனகியது, ஒருதரம் தானாக அடித்தது, நின்றுபோனது. இருந்த இடத்தில் ஒரு சதுரத் தரைக்கல் மட்டும் புதுசாகப் பளிச்சிட்டது.

"என் மாமியார் சீதனமாக் கொண்டுவந்தது," என்றாள் லல்லா ருக்கியா, மூச்சு வாங்கியபடி. "துடைக்கலாம், சாவி குடுக்கலாம், நகர்த்தக் கூடாது. இப்ப வந்து கேக்கட்டும்."

பதினாறில் எடுத்தான். மூலையில் அவள், கோடியில் கடிகாரம், நடுவில் உள்ளபடியான அகலத்தில் ஒரு கூடம்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "சின்னதாத் தெரியுதே."

"சின்னதுதானே லல்லா."

"அதுக்காக ஊருக்கே சொல்லணுமா?" என்றாள். ஆனால் கை ஃபோனைத் தேடி எடுத்துவிட்டது. "அன்வர், நாளைக்கு வர வேண்டாம் கண்ணு. இல்ல, ஆளு இருக்கு. கொஞ்சம் கத்துறவன், ஆனா எடுக்கறான்."

ஜிலாலி பதினாலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தான். ரேகைக்குப் பூஷ்தாவிடம் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே முக்காலியை மடக்கப் போனான்.

"இன்னும் ஒண்ணு எடு," என்றாள் லல்லா ருக்கியா. மறுபடி மூலைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். "கூடம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். நான் மட்டும்."

ஜிலாலி முக்காலியை விரித்தான். ஜூம் வளையத்தைக் கடைசிவரை, முப்பத்தைந்துக்குத் திருப்பினான். அவள் தோளை நிமிர்த்தினாள். இரண்டு கையையும் மடியில், முழுசாகத் தெரியும்படி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.